லோதர் கெடுத்த வியாபாரம்

"இதையா வாங்கப் போறீங்க? போலிங்க!"

லோதரின் குரல் கேட்டதும், பொம்மையைக் கையில் எடுத்த பெண்மணி சட்டென்று கீழே வைத்துவிட்டு நகர்ந்தார்.

ஜெர்மனியின் ட்ரிபெர்க் ஊரில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஒட்மாரின் மேஜை நிறையக் கடிகாரக்காரர் பொம்மைகள். முதுகில் மரச்சட்டம், அதில் தொங்கும் சுவர்க் கடிகாரங்கள், கையில் ஊன்றுகோல். அந்தக் காலத்தில் கருங்காடு என்ற இந்த மலைப்பகுதியிலிருந்து ஊர் ஊராக நடந்துபோய் கடிகாரம் விற்றவர்களின் உருவங்கள். ஒட்மார் பாதி ஆயுளைச் செலவழித்துத் தேடித் தேடிச் சேர்த்தவை.

"போலியா? உன் கண்ணுதான்டா போலி!" ஒட்மார் கத்தினார். "இதை வாங்கும்போது நீயும்தானே என்கூட வந்தே?"

"அதனாலதானே சொல்றேன்! மூக்கு நேத்து ஒட்டினது. மீசை போன வாரம் வரைஞ்சது."

அடுத்து ஒரு பெரியவர் வந்தார்.

"மரத்துக்குள்ளே புழு இருக்குங்க ஐயா. வீட்டுக்குக் கொண்டுபோனா உங்க நாற்காலிக் காலையும் தின்னுடும்."

பெரியவர் வந்த வழியே திரும்பிவிட்டார்.

பக்கத்தில் செர்ரி கேக் விற்றுக்கொண்டிருந்த குண்டுலாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, சிநேகிதன் நாலு காசு பார்த்தா உங்களுக்கு வயிறு எரியுதா? கடலையே பார்க்காத பொண்டாட்டிக்குக் கடலைக் காட்டணும்னுதான் மனுஷன் இதையெல்லாம் விக்கிறாரு!"

"கடல் எங்கே ஓடிடப் போகுது? கேக் இன்னொரு துண்டு கொடுங்க."

சந்தை கலைந்தது. ஒரு பொம்மைகூட விற்கவில்லை.

ஒட்மார் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். "இனிமே என் வாசப்படி மிதிக்காதே!" என்று லோதரிடம் சீறிவிட்டுக் காரை எடுத்துவரப் போனார்.

பெட்டி தூக்க உதவிக்கு வந்தார் அவர் மனைவி ரோஸ்விதா.

"உங்க பயணத்தையே கெடுத்துட்டாரும்மா இந்த ஆளு!" என்றாள் குண்டுலா.

ரோஸ்விதா, கணவர் தூரத்தில் போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்தார். பிறகு லோதரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காக ரொம்பத் திட்டு வாங்கிட்டீங்களா லோதர்? சாயங்காலம் சாப்பிட வந்துடுங்க, நான் சமாதானம் பண்ணிடறேன். கடலை எப்போ வேணும்னாலும் பார்த்துக்கலாம். இந்தப் பொம்மைங்க போயிட்டா, அப்புறம் அந்த மனுஷனோட வாடின முகத்தை யாரு பார்க்கிறது?"

குண்டுலா வாயைத் திறந்தபடி நின்றாள்.

ரோஸ்விதா குரலைத் தாழ்த்தினார். "அடுத்த ஞாயிறு வில்லிங்கன் சந்தையில கடை போடப் போறாராம். அங்கேயும் வந்து கெடுத்துடுங்க!"