இருபத்தொரு நாள் ஈரம்

சாக்கு காய்ந்துபோயிருந்தது.

நேற்று முழுக்க இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. பந்தல், நாற்காலி, காப்பி, அழுகை என்று முன்பக்கத்திலேயே கூட்டம் நெரிந்தது. பின்சுவரின் அஸ்திவாரத்தை யார் நினைக்கப் போகிறார்கள்?

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். சாக்கை விலக்கினாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வைத்த சுண்ணாம்புச் சாந்து ஓரத்தில் வெளுத்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள்.

வெடிப்பு இல்லை. நல்ல வேளை.

அவள் புருஷன் வைத்த சாந்து. வைத்து முடித்து எட்டு நாளாகிறது.

யாரோ எப்போதோ அங்கே சிமெண்டு பூசிவிட்டார்கள். உள்ளே ஈரம் அடைபட்டு, கருங்கற்கள் பிடி விட்டு ஆடின. ரிடையரான மனுஷன் கொத்தனாருக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து, சிமெண்டை உளியால் கொத்தி எடுத்தார். சந்து சந்தாகச் சுண்ணாம்பைத் திணித்தார்.

இருபத்தொரு நாள் காயவே விடக்கூடாதாம். சட்டென்று காய்ந்தால் மாவாக உதிர்ந்துவிடுமாம். வெயில் ஏறினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ச் சாக்கை நனைப்பார்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படி ஒரு ஈரத்துணி போட்டதுண்டா என்று அவள் சொல்லிக் காட்டினாள். அவர் சிரித்தார்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

முந்தாநாள் சாயங்காலம் நனைத்துவிட்டு வந்து படுத்தவர், விடிந்தபோது எழுந்திருக்கவில்லை.

இன்று காடாற்று. சாம்பலில் பால் தெளிக்க ஆண்கள் எல்லாரும் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். பெண்கள் போகிற வழக்கம் இல்லை.

அவளைக் காணாமல் தேடிக்கொண்டு வந்தாள் சங்கரவடிவு, அவருடைய அக்கா. குடத்தைக் கண்டதும் முகம் மாறியது. துட்டி வீட்டில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில், சுவருக்குத் தண்ணீர் கேட்கிறதா என்று ஏசினாள். ஆளே போன பிறகு சுவர் நின்றால் என்ன, விழுந்தால் என்ன என்றாள்.

அவள் நனைத்த சாக்கைப் பிழியாமல் கல்லோடு சேர்த்து அப்பினாள்.

"அங்க ஆம்பிளையள்லாம் பால் தெளிக்காவ, மயினி. நம்மள விடமாட்டாவ. நான் இங்கயாவது தெளிச்சிக்கிடுதேன்."

சங்கரவடிவு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளையும்தான் யாரும் கூப்பிடவில்லை.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். குடத்துக்குள் சொம்பை விட்டு மொண்டாள். அப்படியே ஊற்றப் போன கையை இவள் பிடித்துக்கொண்டாள். ஊற்றினால் சாந்து கரைந்துவிடும். கையால் அள்ளித்தான் தெளிக்க வேண்டும்.

இன்னும் சாக்கு போடாத பக்கத்தில் இருவரும் தெளித்தார்கள்.

கல்லில் விழுந்த தண்ணீர் வழிந்தது. சாந்தில் விழுந்தது உள்ளே போயிற்று.

"இன்னும் எத்தன நாளைக்கு?" என்று சங்கரவடிவு கேட்டாள்.

"பதிமூணு."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் பாக்க வேண்டாம், தானா நின்னுக்கிடும்னு சொன்னாவ."

சொன்னவள் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.