பன்னிரண்டாவது ஷீட்

இத்தாலியிலிருந்து கூரியரில் வந்த தாளில் ‘ரிஜெக்டட்’ என்ற சிவப்பு முத்திரையை ஓங்கிக் குத்தி, பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டாள் தங்கமாரி. ஒரகடம் தொழிற்சாலையில் எந்த மெஷின் டிராயிங்கும் அவள் கண்ணைத் தாண்டித்தான் லைனுக்குப் போக வேண்டும்.

“இன்னாம்மா இது, அனுப்பிச்சது நம்ம பழைய பிளான்ட் ஹெட்டாச்சே!” என்றார் பக்கத்து மேஜை பாண்டுரங்கன்.

“யாரா இருந்தா என்னண்ணே? ரெண்டு வட்டம், நாலு கோடு. ஒரு அளவாவது போட்டிருக்கா? கையெழுத்துகூட பென்சில்ல. மூலையில பாருங்க, பன்னெண்டு பை எண்பதுன்னு இருக்கு. மிச்ச எழுபத்தொம்பது ஷீட் எங்கண்ணே?”

அதையே போட்டோ எடுத்து அவருக்கே மெயிலும் தட்டிவிட்டாள். பத்தே நிமிடத்தில் வீடியோ காலில் வந்தார், போன மாதம் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய ஃபாபியோ. சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர்.

“தங்கமாரி, கூரியர் அட்டைக்குள் கடிதமும் வைத்திருந்தேனே, பார்க்கவில்லையா? அது டிராயிங் இல்லை, ஓவியம். எங்கள் நாட்டு ஓவியர் ஒருவர் கல்லில் வரைந்து, எண்பதே பிரதிகள் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் எண் போட்டுக் கையெழுத்திட்டார். பன்னிரண்டாவது என் வீட்டுச் சுவரில் இருந்தது. என் தப்பையெல்லாம் பிடித்த உங்களுக்குப் பரிசு.”

தங்கமாரி சிவப்பு மையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். “ஐயோ சார், முத்திரை குத்திட்டேனே!”

“நல்லதாகப் போயிற்று. நேற்றுவரை அது எண்பதில் ஒன்று. இனி உலகத்திலேயே ஒன்றுதான்.”

பாண்டுரங்கன் அவசரமாக மேஜை டிராயரைத் திறந்தார்.

“இரும்மா, ‘அப்ரூவ்டு’ன்னு நானும் ஒண்ணு குத்திடறேன்!”