பெரிய கடை வாசலில்

"இவன்தான்," என்றார் பெரியவர். புகைப்படத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

படத்தில் இருந்தது நகரத்தின் முதல் பல்பொருள் அங்காடி. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊருக்கு அது பெரிய கடைதான். வாசலில் நின்ற கூட்டம் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் ஓடிய பொம்மை ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சிறுவன் மட்டும் திரும்பி கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

ஆவணக் காப்பகத்தில் புகைப்படப் பிரிவைக் கவனித்துக்கொண்ட பெண் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தாள். மாதக்கணக்காக வருகிறார் இந்த மனிதர். பெரிய கடையின் படப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார். அவருக்கும் சம்பளம் போட்டுவிடலாம் என்று அலுவலகத்தில் கிண்டலடிப்பார்கள்.

மகனை ஒரே ஒருமுறை அந்தக் கடைக்கு அழைத்துப் போனாராம். அன்றைக்கு வாசலில் யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்களாம். பையன் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அந்த ஒரு ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தேடலும்.

இன்று மனைவியையும் கைப்பிடித்து அழைத்து வந்திருந்தார். அவளுக்குப் பார்வை முக்கால்வாசி போய்விட்டது, மிச்சமும் போவதற்குள் பிள்ளை முகத்தை ஒருதரம் பார்த்துவிட ஆசைப்படுகிறாள் என்று முன்பே சொல்லியிருந்தார்.

அந்த அம்மா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "கன்னத்துல தூசி ஒட்டியிருக்கும்மா. தொடச்சுக்கோ," என்றார்.

காலையிலிருந்து பழைய பெட்டிகளோடு கிடந்தவள் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, மேஜை விளக்கைப் படத்தின் பக்கம் திருப்பினாள். பேச்சுவாக்கில், வீட்டில் ஒரு படம்கூட இல்லையா என்று கேட்டும்விட்டாள். கேட்டிருக்கக் கூடாது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பதில் சொன்னது மனைவிதான். பிள்ளை போன மறுவாரம் இவர் எல்லாப் படங்களையும் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிட்டாராம். கண்ணில் படுவதைத் தாங்க முடியவில்லையாம். தான் ஓடி வருவதற்குள் சாம்பல்தான் இருந்தது என்றார். அதற்கப்புறம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பிறகு அந்த அம்மா குனிந்து, மூக்கு படத்தைத் தொடுகிற மாதிரி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அவனேதான்," என்றார் கடைசியில். "அந்தச் சிரிப்பப் பாருங்க."

பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்க்காத மாதிரி அந்த அம்மா கடகடவென்று பேச ஆரம்பித்துவிட்டார். கல்யாணத்துக்குத் துணி எடுத்ததே பெரிய கடையின் மூன்றாவது மாடியில்தானாம். லிஃப்டில் ஏறப் பயந்து, இன்னும் கணவர் ஆகாத இவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, நாத்தனார் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் சிரித்தாராம்.

பிரதி எடுக்க அவள் உள்ளறைக்குப் போனாள். படம் கணினித் திரையில் பெரிதாக விரிந்தது. சிறுவனின் முகத்தைச் சரிபார்த்தவள், தற்செயலாக மேலே பார்த்தாள். இரண்டாவது மாடிக்கு மேல் வெறும் வானம்.

மூன்றாவது மாடியே இல்லை. அதைக் கட்டுவதற்கு முன்பு எடுத்த படம் இது. இவர்களுக்குக் கல்யாணம் ஆவதற்கும் பல வருஷம் முன்பு. இந்தச் சிறுவன் இன்று உயிரோடு இருந்தால் அவனுக்கு அந்தப் பெரியவரின் வயதுதான் இருக்கும்.

இதை எப்படிப் போய்ச் சொல்வது? சொல்லாமல் எப்படிக் கொடுத்தனுப்புவது? ஒரு கையெழுத்து வேண்டும் என்று சாக்குச் சொல்லி, பெரியவரை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

"ஐயா, இந்தப் படத்துல கடைக்கு ரெண்டு மாடிதான் இருக்கு."

பெரியவர் திரையைப் பார்க்கவே இல்லை.

"தெரியும்மா," என்றார். எல்லாப் பெட்டிகளையும் பார்த்து முடித்துவிட்டாராம். மகன் எதிலும் இல்லை. ஜாடை கொஞ்சம் ஒத்துப்போனது இந்தப் பையன் ஒருவனுக்குத்தான். "அவ பார்வைக்கு இது போதும்மா. எரிச்சவன் நான். இத்தன வருஷத்துல ஏன் எரிச்சீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. கேட்டுத் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

அவள் பிரதி எடுத்து, அட்டை வைத்து, உறையில் போட்டுக் கொடுத்தாள். பெரியவர் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வண்டி கூப்பிட முன்னால் போனார்.

அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக வாசல்வரை அழைத்து வந்தாள். தெருவில் பெரியவர் கையைத் தூக்கி வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். இத்தனை மாதத்தில் அவர் இப்படி நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததில்லை.

அந்த அம்மாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வந்து நின்றதும், அவள் கையை ஒருதரம் அழுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"அது என் புள்ள இல்லம்மா. அவர்கிட்ட சொல்லிடாத."