முடியாத ஆய்வு

கல்வி அதிகாரி கிளிஃபர்ட் தொப்பியை எடுத்ததும் மனைவி டோரீன் வழிமறித்தாள்.

“இன்னிக்கும் அந்த சுதந்திரப் பள்ளிக்கூடமா? மணி கிடையாது, பிரம்பு கிடையாது, ஹெட்மாஸ்டர்கூட கிடையாது. இதுல லண்டன் கவுன்சில்கிட்ட மானியம் வேற கேக்கறாங்க.”

“ஆய்வு முடியல. அங்க பிள்ளைங்களோட முயல் கூண்டுக்குக் கதவு பாதிதான் செஞ்சிருக்கேன்.”

“ஆபீஸ்லேர்ந்து போன் வந்துது, கிளிஃப். நீ லீவுல இருக்கியாம். மானியம் குடுக்கக்கூடாதுன்னு போன மாசமே எழுதிட்டியாம்.”

“ஹெட்மாஸ்டர் இல்லாத பள்ளிக்கு விதியில இடமில்ல. வெள்ளிக்கிழமை மூடறாங்க.”

“எழுதினது நீதான்னு பிள்ளைங்களுக்குத் தெரியுமா?”

“நானே சொன்னேன். உடனே கூட்டம் போட்டாங்க, கடைசி நாள் வரைக்கும் நான் வரலாமான்னு.” அவர் தொப்பியைக் கையில் சுழற்றினார். “தூக்காத கை ஒண்ணுகூட இல்ல, டோரீன்.”