கோழிக்காலும் ஒயின் பாட்டிலும்

சாப்பாட்டு மேசைத் தட்டில் ஒரு தந்தூரிக் கோழிக்கால் கவலையோடு படுத்திருந்தது. அன்றைக்குத் தன்னோடு சிவப்பு ஒயின் வைக்கப்போகிறார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"வெங்காயக்கா, என் மேல இருக்கிற மசாலாவைக் கொஞ்சம் துடைச்சு விடுங்களேன்," என்று பக்கத்திலிருந்த வெங்காய வளையத்திடம் கேட்டது. "வர்ற ஒயின் வெளிநாட்டுக்காரர். என் காரம் பட்டு அவர் ருசி கெட்டுப்போனா, என்னைத்தான் தட்டோட ஓரமா ஒதுக்குவாங்க."

"துடைச்சா நீ வெறும் வெந்த கறிடா. அப்பவும் ஒதுக்கத்தான் செய்வாங்க," என்றது வெங்காயம்.

ஆனாலும் கோழிக்கால் தட்டின் விளிம்பில் மெல்ல உரசிப் பார்த்தது. அதற்குள் ஒயின் பாட்டில் வந்துவிட்டது. அதன் உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

"ஒரு உண்மையைச் சொல்லிடறேன் தம்பி," என்று பாட்டில் தாழ்ந்த குரலில் பேசியது. "சிவப்பு ஒயினை ஃபிரிட்ஜ்ல வைக்கக் கூடாதுன்னு எங்க ஆளுங்க சொல்வாங்க. நான் அரைமணி நேரம் உள்ள இருந்துட்டு வர்றேன். குளிராம வந்தா உன் காரத்துக்கு முன்னால நான் கசந்துபோவேன். எங்க வீட்டுல மட்டும் சொல்லிடாதே."

கோழிக்கால் உரசுவதை நிறுத்தியது.

சாப்பிட உட்கார்ந்த பெண் ஒரு வாய் கடித்தாள். ஒரு மிடறு குடித்தாள். சற்று யோசித்தாள். பிறகு அவள் இன்னொரு வாய் கடித்தாள். இன்னொரு மிடறும் குடித்தாள். தண்ணீர் டம்ளர் பக்கம் அவள் கை போகவே இல்லை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நகருங்க," என்றது வெங்காயம். "என்னையும் எடுக்கட்டும்."