இருவர் நடந்த பள்ளத்தாக்கு

மார்கழிக் குளிரில் ஓமான் பாலைவனப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஜெபராணி தனியாக நடந்தாள். அவள் கண்கள் பார்த்ததும் பாதங்கள் உணர்ந்ததும், ஒன்பது வருடமாகத் தூத்துக்குடியில் படுக்கையிலேயே கிடக்கும் பொன்பாண்டிக்கு அவள் உடலில் பொருத்திய கருவி வழியே அந்த நொடியே போய்ச் சேர்ந்தன. அவருக்காக நடப்பதுதான் அவள் வேலை.

"ஷூவைக் கழட்டேம்மா," என்றது காதுக்குள் அவர் குரல்.

கழற்றினாள். பாறையின் குளிர் உச்சந்தலைவரை ஏறியது.

"யம்மாடி!" என்று அவர் சிரித்தார்.

ஒரு வளைவில் திரும்பியதும் இருபுறமும் செம்பாறைகள் செங்குத்தாக எழுந்து நின்றன. அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா அகலம்தான் இருந்தது.

"காலு நடுங்குதே, ஜெபராணி. உனக்கா, எனக்கா?"

"நெசமாவே தெரியல அண்ணாச்சி," என்றாள் அவள்.