இந்த வாரக் குறிப்பு

சமையல் குறிப்பு எழுதுகிற அம்மா சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் ஹாயாக உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் அடுப்படியில் வேர்த்து விறுவிறுத்துப் போராடிக்கொண்டிருந்தார்.

பார்த்த உடனே, பத்திரிகையிலிருந்து வந்திருந்த பொறுப்பாசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் அவர் தன் வீட்டில் குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைத்தவர் இல்லை.

“வாங்க சார், உட்காருங்க. சாப்பிட்டுட்டுத்தான் பேச்சு” என்றார் அந்த அம்மா.

பொறுப்பாசிரியர் பேச வந்த விஷயம் பைக்குள் கவரில் இருந்தது. ‘இத்தனை வருட ஒத்துழைப்புக்கு நன்றி. அடுத்த இதழிலிருந்து தங்கள் பகுதி வெளிவராது.’ கையெழுத்துப் போட்டவரும் அவரேதான்.

இருபத்திரண்டு வருடமாக வருகிற பகுதி. கல்லூரி விடுதியில் முந்நூறு பேருக்குச் சமைத்த கை, மூடியைத் திறந்து முகர்ந்தே உப்பு கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார் என்றெல்லாம் பத்திரிகையே அவரைப் பற்றிப் பெருமையாகப் போட்டிருக்கிறது.

ஆனால் கொஞ்ச காலமாக எழுதுவது? ‘காயை ஒரே அளவில் நறுக்குங்கள்.’ ‘பால் பொங்கி வழியாமல் இருக்க, பாத்திரத்தின் மேல் மரக்கரண்டியைக் குறுக்கே வையுங்கள்.’ வாசகர்கள் கடிதம் போட்டு மானத்தை வாங்கினார்கள். ‘அடுத்த வாரம் வெந்நீர் வைப்பது எப்படி என்று சொல்லித் தருவார்களா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

கணவர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். சாதம், பீன்ஸ், வேகவைத்த முட்டை போட்ட குழம்பு.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

“ஏங்க, இது முட்டையா, எலி கடிச்ச பந்தா?”

“உரிக்கும்போது பிஞ்சு பிஞ்சு வந்துடுச்சு.”

“வெந்ததும் பச்சைத் தண்ணியில போட்டீங்களா?”

“போடணுமா?”

“போடணுமாவாம்! நாப்பது வருஷமா என்கூடக் குப்பை கொட்டறீங்க. இதுகூடத் தெரியாதா?”

“எனக்கெங்கே தெரியும்?” என்று அவர் தலையைச் சொறிந்தார்.

அந்த அம்மா சட்டென்று பக்கத்திலிருந்த நோட்டை இழுத்தார். பேனாவைத் திறந்தார். “இவர மாதிரி ஆளுங்க ஊர்ல இன்னும் எத்தனை பேரோ. இந்த வாரத்துக்கு இதையே எழுதிடறேன் சார்.” முகமெல்லாம் அப்படி ஒரு களை.

பொறுப்பாசிரியருக்கு வயிறு எரிந்தது. மனுஷனை வேலை வாங்குவதும் வாங்கி, வந்தவன் முன்னால் மட்டம் தட்டி, அதையே எழுதிப் பேரும் வாங்குகிறாரே!

முதல் கவளத்தை வாயில் வைத்தார். பார்க்கத்தான் கண்றாவி. ருசியோ தேவாமிர்தம். கேட்காமலேயே இரண்டாவது கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டார்.

“உப்பு சரியா இருக்கா சார்?” என்று அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துக் கேட்டார்.

அந்த அம்மாவும் அதே குழம்பைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாராட்டக்கூட வாய் வரவில்லை, அதற்கும் விருந்தாளிதான் வேண்டியிருக்கிறது என்று பொறுப்பாசிரியர் நினைத்துக்கொண்டார். இனி தயவு தாட்சண்யமே இல்லை. கை கழுவிவிட்டு வந்தவர் கவரைப் பாதி வெளியே எடுத்துவிட்டார்.

“அம்மா, நான் வந்தது என்னன்னா...”

“சார், பஸ் போயிடும்!” கணவர் ஒரு கையில் குப்பைப் பையும் இன்னொரு கையில் பொறுப்பாசிரியரின் முழங்கையுமாக வாசலுக்கு நடந்துவிட்டார். “நானும் குப்பை போடப் போறேன், வாங்க, வழி காட்டறேன்.”

தெருமுனை வந்தது. கணவர் மெதுவாகக் கேட்டார்.

“பகுதியை நிறுத்தறீங்களா சார்?”

“அவங்க சமைக்கிறதே இல்லையே சார். உங்களைப் போட்டு இப்படிப் பாடாப் படுத்தறாங்க...”

“ரெண்டு வருஷம் முன்னாடி அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அதோட வாசனையும் போச்சு, ருசியும் போச்சு. வெல்லத்தைத் தின்னாலும் மண்ணைத் தின்னாலும் அவளுக்கு ஒண்ணுதான். உப்பு தெரியாதவ ஊருக்கு என்ன சொல்றதுன்னு பேனாவை மூடி வெச்சுட்டா. சரியாப் பேசறதுமில்லை, தூங்கறதுமில்லை. அவளோட பழைய நோட்டுல இருந்ததைப் பார்த்து எழுதி நான்தான் ரெண்டு மாசம் உங்களுக்கு அனுப்பிட்டிருந்தேன்.”

பொறுப்பாசிரியர் நின்றுவிட்டார்.

“ஒருநாள் நிஜமாவே சாதத்தைக் குழைச்சுட்டேன். பார்த்ததும் அவளுக்கு வந்ததே கோபம்! ஒரு மணி நேரம் திட்டினா. திட்டி முடிச்சு உட்கார்ந்து எழுதினா சார். அதுலேருந்து வாரத்துக்கு ஒண்ணு. கண்ணுக்குத் தெரியற தப்பா இருக்கணும், வாய்க்குத் தெரியக் கூடாது. நானும் சாப்பிடணுமில்ல?”

“அப்ப அந்த முட்டை...”

“அழகா உரிஞ்சு வந்துடுச்சு சார். கரண்டிக் காம்பை வெச்சுப் பிய்க்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.” அவர் பெருமூச்சு விட்டார். “பீன்ஸை நிறம் மாத்தியாச்சு, கிழங்கைக் கோணலா வெட்டியாச்சு. அடுத்த வாரத்துக்குச் சொதப்ப எனக்கு ஒண்ணுமே மிச்சமில்லை. அதான் கவலையா இருக்கு.”

பொறுப்பாசிரியர் கவரை எடுத்து நாலாகக் கிழித்து, கணவர் கையிலிருந்த குப்பைப் பைக்குள் போட்டார்.

“கவலைப்படாதீங்க சார். நாளைக்கு எங்க வீட்டுல நான் சமைக்கிறேன். உங்களுக்கு ஒரு வருஷத்துக்குத் தாங்கும்.”